போர் முடிந்த ஊரில் கடை திறப்பது யார்?

சியரா லியோன் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சின்ன நாடு. பரப்பில் தமிழ்நாட்டின் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். 1991 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. வைரச் சுரங்கங்களுக்காகச் சண்டை, பள்ளிப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி, வெட்டப்பட்ட கைகள் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட போர் அது. முடிந்தபோது 70,000க்கும் மேற்பட்டவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். படிப்பு பாதியில் நின்றவர்கள், சொந்த ஊருக்குத் திரும்பப் பயந்தவர்கள்.

இவர்களை என்ன செய்வது? வெளிநாட்டு உதவிப் பணத்தில் தச்சு, தையல், சோப்புத் தயாரிப்பு என்று சில மாதப் பயிற்சிகள் நடந்தன. பயிற்சி முடிந்ததும் கையில் ஒரு கருவிப் பெட்டி. வாங்க ஆளில்லாத ஊரில் ஒரு தெருவுக்கு எத்தனை தையல்காரர் வேண்டும்? பலர் பெட்டியை விற்றுவிட்டு வேறு வழி பார்த்தார்கள். அப்படி அவர்கள் பார்த்த வழிகளில் நன்றாக வேர் பிடித்த ஒன்று, எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதப்படாத தொழில்: பைக் டாக்சி. அங்கே அதை ஓகாடா என்கிறார்கள்.

போ, கெனிமா, மக்கெனி போன்ற நகரங்களில் கார்களும் வேன்களும் போரில் அழிந்துபோயிருந்தன. சாலை முழுக்கக் குண்டும் குழியும். ஆனாலும் ஜனங்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். பைக் வாங்கக் காசில்லாதவன் யாரிடமாவது நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். நம்மூரில் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் பலர் இப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஓட்டுநர்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கிளர்ச்சிப் படையில் இருந்தவனும், அவனை எதிர்த்துச் சண்டை போட்ட ஊர்க்காவல் படைக்காரனும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். போலீஸ் தொந்தரவு செய்தால் சங்கம் போய்ப் பேசியது. விபத்தில் சிக்கினால் சங்கம் பார்த்துக்கொண்டது. கிரைன் பீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 2007இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் உண்டு. ஆப்பிரிக்க நகரங்களில் இன்று வாடகைக்கு ஓடும் பைக்குகளில் ஏராளமானவை இந்தியாவில் செய்தவை. பஜாஜ் பாக்ஸர் ஒன்று. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் கம்பெனியின் எச்எல்எக்ஸ் இன்னொன்று. ஷிஃப்டு முடிந்து பாகலூர் ரோட்டில் டீ குடிக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

போரிலிருந்து மீளும் நாடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்போது ஒரு மருந்து சொல்லப்படுகிறது: இளைஞர்களைத் தொழில்முனைவோர் ஆக்குங்கள், அமைதி தானாக வரும். பயிற்சி, சிறு மூலதனம், வழிகாட்டி, போட்டி நடத்திப் பரிசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருடமாகச் சேர்ந்துள்ள ஆய்வுகளைப் புரட்டினால் வேறு சித்திரம் தெரிகிறது. மூலதனம் கொடுத்தால் இளைஞர்கள் கையில் காசு புரளும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்தக் காசினாலேயே ஊரில் அமைதி வரும் என்பதற்கு ஆதாரம் மெலிசு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டதால்தான் பல திட்டங்கள் கோடிகளைச் செலவழித்தும் எங்கே போய் நின்றன என்று தெரியாமல் முடிகின்றன.

குழப்பம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். வேலையில்லாத பையன் சும்மா இருந்தால் துப்பாக்கி தூக்குவான் என்ற எண்ணம் சர்வதேச நிறுவனங்களில் ரொம்ப காலமாக ஊறிப்போனது. நம் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் வேறு மாதிரிச் சொல்வார்கள். 2015 டிசம்பர் 9ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை 2250ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. முன்னெடுத்த நாடு ஜோர்டான். 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களை ஆபத்தாகப் பார்ப்பதை விட்டு, அமைதியைக் கட்டுவதில் பங்காளிகளாகப் பார்க்க வேண்டும் என்றது அது. அதன் தொடர்ச்சியாக கிரேம் சிம்ப்சன் தலைமையில் தயாராகி 2018இல் வந்த ஆய்வறிக்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது: இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த வன்முறையிலும் சேருவதில்லை, கொள்கைகள் மட்டும் பயத்தின் மேல் கட்டப்படுகின்றன.

எண்களும் அந்தப் பழைய எண்ணத்துக்கு ஒத்துழைக்கவில்லை. ஆப்கானிஸ்தான், ஈராக், பிலிப்பைன்ஸ் மூன்று நாடுகளின் தரவுகளை வைத்து எலி பெர்மன் உள்ளிட்டோர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையின்மை அதிகமான இடத்தில் தாக்குதலும் அதிகமாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி இல்லை. உறவு எதிர்த்திசையில்கூட இருந்தது. உலக வங்கியின் 2011ஆம் ஆண்டு அறிக்கைக்காக கிறிஸ்டோபர் கிராமர் எழுதிய பின்னணிக் கட்டுரையும் வேலையின்மை வன்முறையில் போய் முடியும் என்பதற்கான சான்று பலவீனமானது என்றே சொன்னது. தர்மபுரி ஜில்லாவைப் பார்த்தாலே இது புரியும். மழை பொய்த்த வருடங்களில் இங்கே வேலை ஏது? பையன்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். வறுமை மட்டும் போதும் என்றால் இந்த ஜில்லா எப்போதோ பற்றி எரிந்திருக்க வேண்டும்.

சரி, காசு கொடுத்துப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது? இதற்கு உகாண்டாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உகாண்டாவின் வடக்குப் பகுதி இருபது வருடம் லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படையின் வன்முறையில் சிதைந்தது. 2006 வாக்கில் சண்டை ஓய்ந்ததும் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இளைஞர்கள் குழுவாகச் சேர வேண்டும். என்ன தொழில், என்ன கருவி, யாரிடம் பயிற்சி என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வான குழுவுக்குப் பணம் மொத்தமாக வரும், தலைக்குச் சராசரியாக 382 டாலர். அதற்குப் பிறகு யாரும் வந்து கணக்குக் கேட்பதில்லை. இப்படிக் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். கிறிஸ்டோபர் பிளாட்மன், நேதன் ஃபியாலா, செபாஸ்டியன் மார்ட்டினெஸ் மூவரும் நாலு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பணம் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகமாக இருந்தது. தொழில் சொத்து 57 சதவீதம் அதிகம். தையல், தச்சு, உலோக வேலை, முடிதிருத்தம் என்று கைத்தொழிலில் ஊன்றியிருந்தார்கள். திட்டம் வெற்றி, சந்தேகமே இல்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் அளந்தது. ஊர்க் காரியங்களில் கலந்துகொள்வது கூடியதா, சண்டை சச்சரவு குறைந்ததா, அடுத்தவர் மேல் நம்பிக்கை வளர்ந்ததா? இதிலெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை. ஒன்பது வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது வருமான வித்தியாசமும் பெரும்பாலும் மறைந்திருந்தது. பணம் கிடைக்காதவர்களும் வேறு வழிகளில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். சொத்தும் கைத்தொழிலும் மட்டும் முதல் கூட்டத்திடம் கூடுதலாக நின்றன. என் கணக்கில் இது தோல்வி அல்ல. பஞ்சத்தில் அடிபட்ட ஒருவன் சில வருடம் முன்கூட்டியே நிமிர்ந்து நிற்பது சின்ன விஷயமா? அதை அமைதித் திட்டம் என்று பெயர் சூட்டி, அமைதி எங்கே என்று தேடுவதுதான் தப்பு.

லைபீரியாவில் கதை வேறு விதமாகப் போனது. 2003இல் போர் முடிந்த நாடு. சட்டவிரோதத் தங்கச் சுரங்கம், ரப்பர் திருட்டு என்று காட்டுப் பகுதிகளில் ஒதுங்கியிருந்த முன்னாள் படைக்காரர்களை அழைத்து, தங்க இடம் கொடுத்து, சில மாதம் விவசாயப் பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். பிறகு விதை, கருவி, கோழி, பன்றி என்று பொருளாக மூலதனம். அவர்கள் சட்டவிரோத வேலையை முழுசாக விட்டுவிடவில்லை. அதில் செலவழித்த நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு தற்செயல் ஆய்வாளர்களுக்கு உதவியது. சப்ளையில் கோளாறு ஏற்பட்டு ஒரு பகுதிப் பேருக்கு மூலதனம் வந்து சேரவில்லை. பின்னால் வரும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து 2011இல் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் சண்டை மூண்டது. கூலிக்குச் சண்டை போட ஆள் பிடிக்கிறவர்கள் லைபீரிய எல்லையில் சுற்றினார்கள். அவர்களிடமிருந்து அதிகம் விலகி நின்றவர்கள், இன்னும் மூலதனம் வர வேண்டியிருக்கிறது என்று காத்திருந்தவர்கள்தான். கைக்கு வந்துவிட்ட மூலதனத்தைவிட, வரப்போகிற ஒன்று மனிதனை ஊரில் கட்டிப்போடுகிறது. திட்டம் தீட்டுகிறவர்கள் ஒரே தவணையில் கொடுத்துக் கை கழுவாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

தலைநகர் மன்ரோவியாவிலும் ஒரு சோதனை நடந்தது. திருட்டு, போதை, அடிதடி என்று அலைந்த 999 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு எட்டு வாரம் மனப் பயிற்சி: கோபத்தை அடக்குவது, நாளையை யோசிப்பது, சுத்தமாக உடுத்திக் கடைக்கும் வங்கிக்கும் போய் நாலு பேரிடம் பேசிப் பழகுவது. சிலருக்கு 200 டாலர் மட்டும். சிலருக்கு இரண்டும். பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் ஒரு வருடத்தில் மங்கியது. இரண்டும் பெற்றவர்களைப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் குற்றச் செயல்கள் ஏறத்தாழ பாதியாகவே இருந்தன. 200 டாலரில் தொடங்கிய சின்ன வியாபாரங்கள் பல நொடித்துப்போயிருக்கலாம். அந்தச் சில மாதம் புது மனிதனாக நடந்து பழக அந்தப் பணம் நேரம் வாங்கிக் கொடுத்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

வியாபாரம் எதிரிகளைச் சேர்த்துவைக்கும் என்று நம்புகிறவர்கள் போஸ்னியாவின் அரிசோனா சந்தையைக் காட்டுவார்கள். 1995இல் டேட்டன் ஒப்பந்தத்தோடு போர் நின்றது. மறுவருடம் பிர்ச்கோ நகருக்குப் பக்கத்தில், அமெரிக்கப் படையின் சோதனைச் சாவடி ஒட்டிய நெடுஞ்சாலையில், செர்பியரும் குரோவாசியரும் போஸ்னிய முஸ்லிம்களும் காபியும் சிகரெட்டும் கால்நடையும் விற்க ஆரம்பித்தார்கள். அந்தச் சாலைக்கு அமெரிக்கப் படை வைத்திருந்த அடையாளப் பெயர்தான் அரிசோனா. சில மாதம் முன்புவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் பேரம் பேசினார்கள். உண்மைதான். கொஞ்ச நாளில் அதே இடம் கள்ளக் கடத்தலுக்கும் பெண்களைக் கடத்தி விற்பதற்கும் பேர்போனது என்பதும் உண்மைதான். வரியும் இல்லை, போலீசும் இல்லை. துணிந்தவன் வைத்ததே சட்டம். பிறகு பிர்ச்கோ தனி நிர்வாக மாவட்டமாகி, சந்தை முறைப்படுத்தப்பட்டு, ஒரு தனியார் முதலீட்டாளர் கைக்குப் போனது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் எனக்கு இந்த வாதத்தின் ஓட்டை கண்ணில் படும். எல்லா சாதிக்காரரும் அங்கே வாங்குகிறார்கள், விற்கிறார்கள், கடன் சொல்கிறார்கள். ஆட்டைப் பிடித்துப் பார்த்து விலை பேசும்போது யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சாயங்காலம் அவரவர் தெருவுக்குப் போகிறார்கள். அங்கே எல்லாம் பழையபடி. பேரம் பேச நம்பிக்கை தேவையில்லை, தராசும் காசும் போதும். சியரா லியோன் பைக் சங்கத்தில் இருந்தது இதற்கு மேலே ஒன்று: ஒருத்தன் விழுந்தால் மற்றவன் தூக்கிவிட வேண்டிய கட்டாயம்.

தொழில் வளர்ந்தால் அமைதி வரும் என்பதற்கு இன்னும் சங்கடமான மறுப்பு தர்மபுரியிலேயே இருக்கிறது. இதை உள்நாட்டுப் போரோடு ஒப்பிட முடியாது. அளவு வேறு, வகை வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். 2012 நவம்பர் 7ஆம் தேதி, சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் ஒரே மாலையில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. உயிரிழப்பு இல்லை. எரிந்தது உடைமை. அங்கே போய் விசாரித்த குழுக்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது இதைத்தான்: பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய மாடி வீடு, பீரோ, டிவி, பிரிட்ஜ், டூவீலர், பிள்ளைகளின் சான்றிதழ்.

வீடு இழந்தவர்களுடையவை சும்மா இருந்த கைகள் அல்ல. உழைத்து மேலே வந்த கைகள். ஒரு பக்கத்து இளைஞன் சொந்தக் காலில் நிற்கும்போது அவனுக்கு ரோஷமும் கௌரவமும் கூடுகிறது. தலைமுறையாய் அவனைக் கீழே பார்த்துப் பழகியவர்களுக்கு அதுவே உறுத்துகிறது. இதைக் கணக்கில் எடுக்காத தொழில்முனைவுத் திட்டம் நல்லெண்ணத்தோடு நெருப்புக்குப் பக்கத்தில் விறகை அடுக்குகிற மாதிரி. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீதம் மூலதன மானியமும் 6 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். மானியத்தில் தொடங்கிய கடையைக் கொளுத்தினால் கொளுத்தியவன் தப்ப முடியாது என்ற உத்தரவாதமும் கூடவே வர வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கடனைப் பற்றிப் பேசும்போது இந்த ஜில்லாவுக்குப் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது இங்கேதான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அப்போதைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்களை அமைத்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தானே. வறட்சி, பெண் சிசுக்கொலை என்று பெயர் கெட்டிருந்த காலம் அது. பிறகு சேலம், விழுப்புரம், மதுரை, ராமநாதபுரம் என்று பரவி, பின்னாளில் மாநிலம் முழுக்க மகளிர் திட்டமாக விரிந்தது.

அந்தக் குழுக்கள் ஏன் நிலைத்தன என்பதைப் போர் ஓய்ந்த நாடுகளில் வேலை செய்கிறவர்கள் கவனிக்கலாம். முதலில் கடன் இல்லை, சேமிப்பு. மாதக் கணக்கில் கூடி, தங்கள் பணத்தைத் தாங்களே போட்டு, தங்களுக்குள்ளேயே சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கி, கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய பிறகுதான் வங்கி வந்தது. யார் வீட்டில் கஷ்டம், யார் இந்த மாதம் கட்ட முடியாது என்று குழுவுக்குத் தெரியும். எல்லாக் குழுவும் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே தெரு, ஒரே சாதி என்றே பெரும்பாலான குழுக்கள் அமைந்தன என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். அந்த வகையில் நம் குழுக்களும் தெருவைத் தாண்டவில்லை. ஆனால் சேமிப்பு முதலில், கடன் பிறகு என்ற அந்த வரிசை சரியானது.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் வடக்கும் கிழக்கும் காட்டின. 2009 மே மாதம் போர் முடிந்ததும் ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. அதன் வழியே வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்கே போயின. கணவனை இழந்த, கணவன் காணாமல் போன பெண்கள் குடும்பத் தலைவிகளாக இருந்த ஊர்கள் அவை. கையில் சொத்து இல்லை, சேமிப்பு இல்லை, விளைந்ததை விற்க ஒழுங்கான சந்தை இல்லை. கடன் மட்டும் வாசலுக்கே வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கி, வாராவாரம் வசூலுக்கு வருகிறவர்களுக்குப் பயந்து ஒளிந்து, சிலர் தற்கொலை வரை போனார்கள். கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை ரத்து செய்வதாக இலங்கை அரசே அறிவிக்க வேண்டி வந்தது. நம்மூர்த் தண்டல்காரரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கடனும் ஆவணத்தில் சுயதொழில் கடன் என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

அதே வடக்கில் நல்ல முயற்சிகளும் நடந்தன. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தன்னார்வ அமைப்பு, மென்பொருள் படித்த பிள்ளைகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஓடாமல் ஊரிலேயே கம்பெனி தொடங்கட்டும் என்று போட்டிகளும் பயிற்சிகளும் நடத்துகிறது. மடிக்கணினியில் எழுதும் நிரலுக்கு நிலம் தேவையில்லை. மற்ற எல்லாத் தொழிலுக்கும் தேவை. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்ட மக்களின் நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, போர் முடிந்த பிறகும் பல வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டது. காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவமே தல்செவன என்ற விடுதி நடத்தியது. பண்ணைகளும் சாலையோரச் சிற்றுண்டிச் சாலைகளும் நடத்தியது. சம்பளம் அரசு கொடுக்கும் ஆட்களை வைத்துக் காய்கறி விற்கும் ராணுவத்தோடு, வட்டிக்கு வாங்கிப் பயிர் செய்த பையன் எப்படி விலையில் மோதுவான்? தொழில்முனைவுப் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

கொலம்பியாவிலும் நிலம்தான் முடிச்சு. 2016இல் ஃபார்க் கிளர்ச்சி இயக்கத்தோடு அரசு செய்த ஒப்பந்தத்தின்படி ஆயுதம் கீழே வைத்த ஒவ்வொருவருக்கும் தொழில் தொடங்க ஒரே முறை 80 லட்சம் பெசோ, அதாவது ஏறத்தாழ 2,500 டாலர். சிலர் சேர்ந்து கூட்டுறவு வைத்தார்கள். காபி பயிரிட்டார்கள், பியர் காய்ச்சி விற்றார்கள். ஒரு காலத்தில் போர் நடந்த பகுதியின் ஆற்றிலேயே சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விட்டவர்களும் உண்டு. பத்திரிகைகளுக்கு நல்ல செய்தி. ஆனால் பல கூட்டுறவுகள் பயிர் செய்தது குத்தகை நிலத்தில். அதோடு, ஒப்பந்தத்துக்குப் பிறகு 400க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல காபியாக இருந்தாலும் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வருவான் என்ற நிச்சயம் இல்லையென்றால் அது என்ன தொழில்?

உயிருக்கு உத்தரவாதமும் நீதியும் முன்னால் வராமல் தொழில் நிற்காது என்பதை எந்த வல்லுநரையும்விடத் தெளிவாகச் சொன்னது அரூர் பக்கத்து வாச்சாத்தி வழக்கு. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்தில் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, கிராமமே காலியானது. 2011 செப்டம்பரில் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. அதோடு அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ சுயதொழில் மூலமாகவோ நிரந்தர வேலையாகவோ பிழைப்புக்கு வழி செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. தண்டனை, இழப்பீடு, பிழைப்பு மூன்றும் ஒரே தீர்ப்பில். முப்பத்தொரு வருடம் பிந்தி வந்தது என்பது பெரிய குறைதான். ஆனால் 1992இலேயே தண்டனை எதுவும் இல்லாமல் ஆளுக்கொரு தையல் மிஷின் மட்டும் கொடுத்திருந்தால் அந்த ஊர் அதை எப்படி வாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அரூர் வட்டத்தில், சித்தேரி மலைக்கு அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் ஒரு மருத்துவர் தம்பதி பழங்குடி மக்களுக்காக ஆஸ்பத்திரி நடத்திவருகிறார்கள். இயற்கை விவசாயிகள் சங்கமும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலும் அதற்குப் பிறகு அந்த வேரிலிருந்து கிளைத்தவை. அங்கே போர் ஏதும் நடக்கவில்லை. ஆனாலும் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதைக் கவனிக்கலாம்.

கடைசியாக, நம் கண் முன்னாலேயே இருக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றி. 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்த ஈழத் தமிழர்களைத் தமிழகம் முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்களில் தங்கவைத்தார்கள். நம் பக்கம் முகாம்கள் பல அணைகளை ஒட்டியே அமைந்தன: ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணை, பென்னாகரம் பக்கம் நாகாவதி அணை, பாலக்கோடு வழியில் தும்பலஅள்ளி அணை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவது அதில் பெரும் பகுதி. அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் அப்போதுதான். வீடுகள் நன்றாகவே வந்திருக்கின்றன.

அங்கே இருக்கிற ஆண்களைக் கேட்டால் பெரும்பாலும் பெயிண்ட் வேலை என்பார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் எழும் அடுக்குமாடிகளுக்கு வண்ணம் அடித்தே இரண்டு தலைமுறை போய்விட்டது. பட்டம் படித்த பிள்ளைகளும் அதே வாளியைத் தூக்குகிறார்கள். திறமை இல்லாமலா? பத்து ஆள் வைத்து வேலை எடுக்கும் கெட்டிக்காரர்கள் அவர்களில் உண்டு. ஆனால் 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெற முடியும். பாம்பாறு அணை முகாமில் பிறந்து ஊத்தங்கரையில் பள்ளிக்கூடம் போய் நம்மூர்த் தமிழே பேசும் 25 வயதுப் பையன் சட்டப்படி வெளிநாட்டவன். இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, தன் பெயரில் எளிதில் நிலம் வாங்க முடியாது, அடமானம் வைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு வங்கி பெரிய கடன் தருவதும் இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை.

இவர்களுக்குத் தொழில்முனைவு வகுப்பு நடத்த ஆட்கள் வருவார்கள், வரட்டும். வணிகத் திட்டம் எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கும் பையன் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி பதிவு செய்து, ஜிஎஸ்டி எண் வாங்கி, வங்கியில் கடன் கேட்டு நிற்க என்னென்ன காகிதம் குறைகிறது என்று ஒரு பட்டியல் எடுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் டெல்லியிலும் கொடுத்தால் நல்லது. இலங்கைக்கே திரும்பிப் போய்க் கடை போட நினைக்கிறவனுக்கும் பட்டியல் உண்டு: அங்கே தாத்தாவின் காணி யார் பெயரில் இருக்கிறது, இங்கே வாங்கிய பட்டத்தை அங்கே மதிப்பார்களா, பிறப்புச் சான்றைத் தூதரகத்தில் பதிந்தாகிவிட்டதா?